கொழும்பிலிருந்து விசாரித்தார்கள்

இந்தக் கதிரைக்கு ஆள் இருக்கிறதா, பிள்ளை? இல்லையென்றால் இருக்கிறேன். அந்தப் பக்கம் ஏசி நேரே தலையில் அடிக்கிறது, எனக்கு ஒத்துக்கொள்ளாது.

வாசலில் நிற்கிற காவல்காரத் தம்பி என்னை உள்ளே விட யோசித்தார். யாரைப் பார்க்க வேண்டும் என்றார். மிஸ் ஜெரால்டினை என்றேன். சொல்லிவிட்டு வந்தீர்களா என்றார். ஒட்டுசுட்டானில் இருந்து வருகிறேன் தம்பி, சொல்லிவிட்டு வந்தாலும் சொல்லாமல் வந்தாலும் திரும்பிப் போகிற தூரம் ஒன்றுதானே என்றேன். பிறகுதான் இந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார். மாடு விற்கக் கொண்டுபோகிறபோது கட்டுகிற மாதிரி.

நீங்கள் இன்ரவியூவுக்கு வந்த பிள்ளை போல. ஓம், அந்த பைலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பதிலேயே தெரிகிறது. எட்டிப் பார்க்கிறேன் என்று குறை நினைக்க வேண்டாம். முதல் பக்கத்தில் உங்கள் படம் இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். பகிடி இல்லை, எடுத்துவிடுங்கள். இந்த ஆட்களுக்கு முகம் தேவையில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் சீவி என்று வேலைக்கு அனுப்புகிற தன்விவரக் கடதாசி எழுதுகிற கதையை என்னிடம் கேட்கலாம். எத்தனையோ மாதமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சோற்றுக் கோப்பைக்கு இடமில்லாமல் அதுதான் நடந்தது.

என் மகள் தேனுகாவுக்குத்தான். ஒரே பிள்ளை. அவளுக்கு இந்த நிறுவனத்தில் வேலை எடுக்க வேண்டும். இங்கே கொழும்பில் இல்லை. தென் சூடானில். அகதி முகாமில் தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் பொறுப்பான வேலை. ஏன் பிள்ளை அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்களுக்கும் அதே வேலையா?

சொல்லியிருக்கலாமே. படத்தைப் பற்றி வாயை விட்டுவிட்டேன். சரி, சொன்னது சொன்னதுதான். எடுத்துவிடுங்கள்.

நான் ஏன் வந்திருக்கிறேன் என்றால், இந்த நிறுவனம் என் பிள்ளைக்கு ஒரு அநியாயம் செய்துவிட்டது. அவளுடைய பேரை வெட்டிவிட்டார்கள். என்னால்தான் வெட்டினார்கள் என்று அவள் நினைக்கிறாள். அப்படி இல்லை. நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

தேனுகா எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன உள்ளூர் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். என்ன வேலை என்று கேட்டால், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, கக்கூசு கட்டுகிற வேலை. மீளக் குடியேறிய சனத்துக்குக் கக்கூசு கட்டுகிறது, வெள்ளம் வந்து போனால் கிணறு இறைத்து மருந்து போடுகிறது. மோட்டார் சைக்கிளில் போவாள். மேசன்மார், கூலிக்கு வருகிற ஆண்கள், எல்லாரும் அவள் சொல்லுக்குத்தான் கல்லை எடுத்து வைக்க வேண்டும். "தங்கச்சி, இவ்வளவு ஆழம் தேவையே?" என்று ஒரு மேசன் கேட்டாராம். "அண்ணை, நீங்கள் உள்ள இறங்கி நில்லுங்கோ, தலை தெரிஞ்சால் ஆழம் காணாது" என்றாளாம். இதையெல்லாம் ஊரில் நான் வெளியே விடுவதில்லை. கேட்டால் ஒபிஸ் வேலை என்பேன்.

முதலில் அவள் தன் பாட்டில் ஒரு சீவி எழுதி அங்கேயும் இங்கேயும் அனுப்பினாள். ஒருவரும் மூச்சு விடவில்லை. பிறகுதான் அருள்நேசனைப் பிடித்தாள். முந்தி இவளுக்கு மேலாளராக இருந்தவர், இப்போது ஜோர்தானில் பெரிய வேலை. முகம் தெரியத்தான் கதைப்பார். போனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்துக்கொண்டு இவள் இருப்பாள். கீரை ஆய்கிற சாட்டில் நானும் பக்கத்தில் இருப்பேன்.

முதல் நாள் அந்த மனிதர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

"தேனுகா, உம்மட சீவியைப் பார்த்தன். அப்பா பேர், அம்மா பேர், சமயம், உயரம், பிறந்த திகதி, கலியாணம் ஆகேல்லை. உமக்கு வேலை வேணுமோ மாப்பிளை வேணுமோ?"

எல்லாவற்றையும் வெட்டச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, சமயத்தை எடுத்தால் கோயிலுக்குப் போற பிள்ளை எண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியக் கூடாது அன்ரி. தெரிஞ்சால் அது அவைக்குப் பிழை."

என்ன ஆட்களோ. சமயம் போகட்டும், உயரம் போகட்டும். தகப்பன் பேரையும் எடு என்றபோதுதான் நான் கீரையைக் கீழே வைத்தேன். அந்த மனிதன் கடைசிச் சண்டையில் மாத்தளனில் போனவர். கல் ஒன்று வைக்கவும் இடமில்லை. ஒரு கடதாசியில் பேர் இருக்கிறது, அதையும் வெட்டு என்றால் நான் சும்மா இருப்பேனா? இவள்தான் என் கையைப் பிடித்தாள். "அம்மா, அவர் எங்கையும் போகேல்லை. தேனுகா கனகலிங்கம் எண்டுதானே எழுதுறன். பேருக்குப் பின்னால நிக்கிறார்" என்றாள். சரி என்று விட்டேன். அதற்காகச் சம்மதித்தேன் என்று இல்லை.

அடுத்தது இன்னொரு கூத்து. அவள் எழுதியிருந்தாள், "வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளைத் துப்புரவு செய்யும் பணியில் நாங்கள் ஈடுபட்டோம்" என்று. எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறாள் பாருங்கள். அருள்நேசன் அதையும் வெட்டினார்.

"ஆர் இந்த நாங்கள்? நாங்கள் எண்டு எழுதினால், மற்றாக்கள் வேலை செய்ய நீர் பக்கத்தில நிண்டனீர் எண்டுதான் அங்க இருக்கிறவன் நினைப்பான். நான் எண்டு எழுதும்."

"பொறுப்பாக இருந்தேன்" என்று எழுதியிருந்தாள். அதற்கும் விடவில்லை. "பொறுப்பா இருந்து என்ன செய்தனீர்? கதிரையும்தான் ஒபிஸில பொறுப்பா இருக்கு" என்றார். செய்ததைச் சொல்ல வேண்டுமாம். கட்டினேன், இறைத்தேன், சேர்த்தேன், பயிற்சி கொடுத்தேன், சண்டை தீர்த்தேன். ஒவ்வொரு வரியும் செய்த வேலையில்தான் தொடங்க வேண்டுமாம். செய்ததால் என்ன நடந்தது என்பதும் அதே வரியில் வர வேண்டுமாம். வேலை விளம்பரத்தில் என்ன கேட்டிருக்கிறார்களோ அதற்குப் பதில் சீவியில் நிற்க வேண்டுமாம், மற்றது ஒன்றும் வேண்டாமாம். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாதாம்.

அவள் எழுதி எழுதி எனக்கு வாசித்துக் காட்டுவாள். ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் சொல்லுவாள். எனக்கு வெட்கமாக இருக்கும். நான், நான், நான் என்று ஒரு பெண்பிள்ளை இரண்டு பக்கத்துக்கு.

"ஊர் கூடிச் செய்த வேலையை நான் செய்தன் எண்டு எழுதுறியே, ஊர்ச் சங்கத்து ஆக்கள் பார்த்தால் என்ன நினைப்பினம்?" என்றேன்.

"அந்த ஊரைக் கூட்டினது ஆரம்மா?"

வெள்ளம் வடிந்த அன்றைக்கு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி நின்று இவள் போட்ட சத்தம் எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்டது. வசந்தாக்கா மதிலுக்கு மேலால் எட்டி, "தர்மவதி, அது உன்ர பெட்டையின்ர குரலோ?" என்று கேட்டாள். ரேடியோவாக்கும் என்றேன்.

இப்போது மற்றப் பக்கத்தைக் கேளுங்கள். அதே நாட்களில் நான் அவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தேன். பேசாமல்? முப்பதைத் தாண்டிவிட்டாள். இவள் தென் சூடான் போக, நான் ஒட்டுசுட்டானில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கவா? எனக்காக இல்லை. நான் எங்கேயும் தனியே இருப்பேன், எனக்கென்ன பயம். ஊர் என்ன சொல்லும்? தாய் பிள்ளையை உழைக்க விட்டுவிட்டு இருந்து சாப்பிடுகிறாள் என்று சொல்லும். அதற்காகத்தான்.

புறோக்கர் நல்லையா வந்து ஒரு குறிப்பு எழுதினார். சாதகத்தோடு சேர்த்துக் கொடுக்கிற கடதாசி. "பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்றார். இன்னது என்றேன். பேனையை மூடி வைத்துவிட்டார்.

"அக்கா, கக்கூசு எண்டு எழுதினால் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு வாசிக்கிற மனிசன் கோப்பையை வைச்சிடுவான். சுகாதாரத் திட்ட அலுவலர் எண்டு போடுவம்."

"பொய் இல்லைத்தானே?"

"பொய்யே? தமிழ் அக்கா, தமிழ்."

அப்படியே எழுதினார். அமைதியானவள், வீட்டுக்கு அடங்கியவள், நன்றாகச் சமைப்பாள், சேலை கட்டின படம் ஒன்று. அவருடைய கடதாசியில் இருந்த முகம் அருள்நேசனுடைய கடதாசியில் இல்லை. அருள்நேசனுடைய கடதாசியில் இருந்த வேலை ஒன்றுகூட இவருடையதில் இல்லை. நான் இரண்டையும் அலுமாரியில் ஒரே தட்டில் வைத்திருந்தேன். ஒரே பிள்ளையைப் பற்றித்தானே.

ஒரு கிழமை நல்லையா வந்து சொன்னார், நல்ல இடம் ஒன்று பொருந்தியிருக்கிறது, மாப்பிள்ளை நோர்வேயில், தமக்கைக்காரி கொழும்பில், அவ போன் எடுத்து விசாரிப்பா, மரியாதையாகக் கதையுங்கள் என்று. அந்தக் கிழமைதான் இந்தப் போன் வந்தது. நீங்களே சொல்லுங்கள், நான் என்ன நினைப்பேன்?

தேனுகா அன்றைக்கு முத்தையன்கட்டுப் பக்கம் கிணறு பார்க்கப் போயிருந்தாள். அங்கே அவளுடைய போனுக்குச் சிக்னல் இல்லை. சீவியில் இரண்டாவது நம்பராக வீட்டு நம்பரைக் கொடுத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. இனிமையான குரல். கொழும்புத் தமிழ்.

"வணக்கம்மா. தேனுகா கனகலிங்கம் வீடுங்களா? கொழும்புல இருந்து பேசுறோம். அவங்க போன் கிடைக்கல. அவங்களைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்."

விசாரிக்கணும். கவனித்தீர்களா? விசாரிக்கணும் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்கிறது? பொலிஸ் விசாரிக்கும், இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீடு விசாரிக்கும். பொலிஸ் இவ்வளவு இனிமையாகக் கதைக்காது.

நான் முந்தானையைச் சரி செய்துகொண்டு கதிரையில் இருந்தேன். "கேளுங்கோ பிள்ளை, நான் தாய்தான் கதைக்கிறன்" என்றேன்.

"அம்மாவா, நல்லது. தேனுகா இப்ப வேலை செய்றாங்களா?"

"சின்ன வேலை ஒண்டு. பொழுதுபோக்குக்கு."

"வெளிநாடு போக அவங்களுக்கு விருப்பம்தானே?"

"ஓம் ஓம். எங்கை எண்டாலும் வருவா. தனிய மட்டும் விடமாட்டம். நான் கூடப் போகாமல் அவ சந்திக்கடைக்கும் போனதில்லை."

அந்தப் பக்கம் கடதாசி சரசரத்தது. எழுதுகிறாள் போல என்று நினைத்தேன். பிறகு கேட்டாள், "அம்மா, அந்த இடம் கொஞ்சம் கஷ்டமா இருக்கும். கரண்ட் எப்பவும் இருக்காது. தண்ணிக்கும் கஷ்டம்." நோர்வேயில் பனி கொட்டினால் கரண்ட் போகும், தண்ணீரும் குழாயிலேயே உறையும் என்று நினைத்தேன். "அதெல்லாம் சமாளிப்பா" என்றேன். இந்த ஒரு பதில் சரியாகத்தானே சொல்லியிருக்கிறேன்?

அடுத்ததாகக் கேட்டாள் பாருங்கள் ஒரு கேள்வி. "ஆம்பிளைங்களோட சேர்ந்து வேலை செய்ற அனுபவம் இருக்கா?" எனக்கு உச்சியில் ஏறியது. யாரோ ஊரில் வத்தி வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வசந்தாக்காவாகத்தான் இருக்கும். "என்ர பிள்ளை ஒரு ஆம்பிளையின்ர முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை" என்றேன், நல்ல உறுதியாக.

"சரிம்மா. ஏதாவது பிரச்சினை, சண்டை வந்தா எப்படி நடந்துக்குவாங்க?"

"வாயே திறக்கமாட்டா. சொன்னதைக் கேட்டுக்கொண்டு இருப்பா."

"எப்ப சேர முடியும்?"

"ஆடி கழியட்டும். ஆவணியில நாள் பார்த்துச் சொல்லுறம்."

"நாளா?"

"நாள் பார்க்காமல் எப்பிடிப் பிள்ளை? கலியாணம் எண்டால் நாள் முக்கியமில்லையோ?"

"கல்யாணமா? அப்போ... இந்த வேலையில அவங்களுக்கு விருப்பம் இல்லைன்னு எடுத்துக்கவா?"

அப்போதுதான் நான் வலு கெட்டித்தனமாகச் சொன்னேன், "வேலையில அவவுக்கு ஒரு விருப்பமும் இல்லை. நீங்கள் ஓம் எண்டால் நாளைக்கே விட்டிடுவா. அந்த யோசனை உங்களுக்கு வேண்டாம்."

நன்றிம்மா என்று வைத்துவிட்டாள். எவ்வளவு தன்மையான குடும்பம் என்று நினைத்துக்கொண்டு பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினேன். கேசரியும் கிண்டி வைத்தேன்.

பின்னேரம் தேனுகா வந்தாள். சேற்றுக் காலோடு வாசற்படியில் இருந்து போனைப் பார்த்தாள். இமெயில் வந்திருந்தது. உங்கள் குடும்பத்தினர் தெரிவித்தபடி நீங்கள் விலகிக்கொள்வதாக அறிகிறோம், நன்றி என்று. கீழே மிஸ் ஜெரால்டின் என்று பேர், போன் எடுத்ததும் அவதானாம். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

"அம்மா, இண்டைக்கு ஆரோட கதைச்சனீங்கள்?"

"கொழும்பு இடத்தோட. நல்ல ஆக்கள்."

"என்னைப் பற்றி என்ன சொன்னனீங்கள்?"

ஒன்றும் விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவளுடைய முகம் ஒரு மாதிரிப் போனது. கடைசியில் மெல்லக் கேட்டாள், "நீங்கள் சொன்ன அந்தப் பிள்ளை ஆரம்மா? எனக்கு அவளைத் தெரியாது."

அதோடு என்னோடு கதைப்பதை விட்டுவிட்டாள். ஓம், இல்லை, சாப்பிட்டேன், போட்டு வாறன், அவ்வளவுதான். கேசரியில் எறும்பு ஏறிக் கொட்டினேன்.

இதில் என் பிழை எங்கே இருக்கிறது? நான் கேட்கிறேன். வேலை தருகிற ஆள் என்றால் வேலை தருகிற ஆள் என்று சொல்லிக் கதைக்க வேண்டாமா? பெத்த தாயிடம் போன் எடுத்து, கொழும்பில் இருந்து விசாரிக்கிறோம் என்றால், தாய் தாய் மாதிரித்தான் பதில் சொல்லுவாள். எந்தத் தாயாவது, என் மகள் பெரிய வாய்க்காரி, ஆண்களை ஆட்டி வைப்பாள், நடுக்காட்டில் தனியே மோட்டார் சைக்கிள் ஓடுவாள் என்று சொல்லுவாளா? உங்கள் அம்மா சொல்லுவாவா? பாருங்கள், சிரிக்கிறீர்கள்.

அதுதான் வந்தேன். மன்னிப்புக் கேட்க இல்லை. அவர்கள் என்னிடம் திரும்பக் கேட்க வேண்டும். வேலைக்கென்று சொல்லிக் கேட்க வேண்டும். அப்போது நான் வேறு பதில் சொல்லுவேன். தேனுகாவுக்கு நான் வந்தது தெரியாது. வவுனியாவில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அவளும் மன்னாரில் ஏதோ கூட்டம் என்று வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள், காதில் விழுந்ததோ தெரியாது. கொழும்புக்கு நான் தனியே வருவது இதுதான் முதல் தரம். கோட்டையில் இறங்கி ஓட்டோ பிடித்து, அந்த ஓட்டோக்காரனோடு பேரம் பேசி, இதோ வந்து சேர்ந்துவிட்டேன். பெண்பிள்ளை தனியே போகக் கூடாது என்பது பிள்ளைகளுக்கு. எனக்கு இல்லை.

என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்கிறீர்களா? பஸ்ஸில் இருந்து யோசித்துக்கொண்டுதான் வந்தேன். அருள்நேசன் சொன்ன மாதிரி, செய்ததைச் சொல்லப் போகிறேன்.

சண்டை முடிந்து எங்களைச் செட்டிகுளம் முகாமில் விட்டிருந்தார்கள். கம்பி வேலிக்குள் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குக் கூடாரம். என் மனிதன் போய்க் கொஞ்ச நாள். நான் பாயில் கிடந்தேன். காய்ச்சல் என்று சொன்னார்கள். காய்ச்சல் இல்லை, எழும்ப மனமில்லை. தேனுகா அப்போது ஓ.எல். சோதனைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை. தண்ணீர் பவுசர், தாங்கி பூட்டின லொறி, வரும். வந்தால் பலமுள்ளவனுக்குத்தான் தண்ணீர். பெரிய தண்ணீர்க் கானோடு ஆண்கள் முன்னுக்குப் போய் நிற்பார்கள். பச்சைப்பிள்ளைக்காரிகளும் கிழடுகளும் கடைசியில். அவர்களுடைய முறை வர முதல் பவுசர் காலி.

ஒரு நாள் இவள் போய்ப் பவுசர் குழாய்க்கு முன்னால் நின்றுகொண்டாள். குழாயைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு, கைக்குழந்தைக்காரர் முதல் வராமல் விடமாட்டேன் என்றாளாம். ஒரு தடியன் தள்ளினான். அவனுடைய கானை எடுத்து வேலிக்கு மேலால் அந்தப் பக்கம் எறிந்துவிட்டாள். ஆமிக்காரன் ஓடி வந்தான். அவனோடும் கதைத்தாள். சிங்களம் தெரியாது, கையாலும் கண்ணாலும் கதைத்தாள். பிறகு அந்தப் பவுசருக்கு இவள்தான் வரிசை வைத்தாள். ஒவ்வொரு நாளும். அந்தத் தடியனையே பிடித்துக் கிழடுகளுக்குக் கான் தூக்க வைத்தாள்.

எனக்கு இதைக் கூடாரத்துக்கு வந்து சனம் சொன்னார்கள். சிலர் மெச்சிச் சொன்னார்கள். சிலர், இவளை இனி யார் கட்டுவான் என்றார்கள். எனக்கு அந்த இரண்டாவது கதைதான் காதில் நின்றது. வெளியே வந்த பிறகு, அப்படி ஒன்றும் நடக்கவில்லை, அது வேறு யாரோ பெட்டை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். சொல்லி வைத்தது சரிதான். அந்த நேரத்துக்கு அதுதான் சரி. அருள்நேசன், "இந்த வருசம் ஏன் படிப்பில இடைவெளி, அதை விட்டுவைக்காமல் எழுதும்" என்று கேட்டபோது, இவள் இதை எழுதினாள். முகாமில் தண்ணீர் விநியோகத்தை ஒழுங்கு செய்தேன். ஒரு வரி. நான் அந்த வரியை வெட்டு என்று எவ்வளவு மன்றாடினேன் தெரியுமா? அருள்நேசன் சொன்னார், "அன்ரி, மற்ற எல்லாத்தையும் வெட்டினாலும் இதை வெட்டேலாது" என்று.

அதைத்தான் நான் மிஸ் ஜெரால்டினிடம் சொல்லப் போகிறேன். பிறகு ஊருக்குத் தெரியட்டும். வசந்தாக்காவுக்குத் தெரியட்டும். நோர்வேக்காரன் கேள்விப்பட்டு வேண்டாம் என்றால் போகட்டும், பனிக்குள் கிடக்கட்டும். யார் என்ன...

பொறுங்கள் பிள்ளை, என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஓம், நான்தான். வருகிறேன். இந்தப் பையை ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

இன்னும் உங்களைக் கூப்பிடவில்லையா? நல்லது. பையைத் தாருங்கள். நான் போக வேண்டும், வேளைக்குப் போக வேண்டும்.

ஏன் என்றால், கேளுங்கள். நான் உள்ளே போய் இருக்கவும் இல்லை. நின்றபடியே, தேனுகா கனகலிங்கத்தின் விசயமாக வந்திருக்கிறேன் என்றேன். மிஸ் ஜெரால்டின் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தா. "தேனுகாவா? அவங்க மறுநாளே போன் பண்ணிப் பேசிட்டாங்களே. இன்னைக்கு இன்டர்வியூக்கு வர்றாங்க" என்றா. இன்றைக்கு. மன்னாரில் கூட்டமாம். என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை, பாருங்கள் அவளுடைய நெஞ்சழுத்தத்தை.

"என்ன சொன்னவ?" என்று கேட்டேன். என்னைத் திட்டியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். இவ சொன்னா, "'எங்கம்மா உங்களுக்குச் சொன்னது கல்யாணத்துக்கு எழுதின சீவி. நான் அனுப்பினது வேலைக்கு எழுதினது. நீங்க வேலைக்குத்தானே ஆள் எடுக்குறீங்க?'ன்னு கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பேரைத் திரும்பச் சேர்த்துட்டேன்."

முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அழவில்லை, அந்த அறையிலும் ஏசி, கண் எரிந்தது.

அப்போது இவ கேட்டா, "நீங்க யாரு? அவங்க அம்மாவா?"

பிள்ளை, ஒரு செக்கனில் எனக்கு விசயம் ஓடி வெளித்தது. நான் கூடப் போகாமல் அவள் சந்திக்கடைக்கும் போனதில்லை என்று இதே மனிசிக்குத்தானே சொன்னேன். இப்போது அம்மா வந்து நிற்கிறா, மகள் பின்னால் வருகிறாள் என்றால், அவ என்ன எழுதுவா? நான் சொன்னது உண்மை என்று என் காலாலேயே நடந்து வந்து காட்டின மாதிரி இல்லையா?

"நான் அம்மா இல்லை" என்றேன். பெத்தவள் என் வாயாலேயே சொன்னேன். "முகாமில கூட இருந்த ஆள். அவ வரிசை வைச்சுத் தந்த தண்ணியைக் குடிச்சனான். அதை எழுதியிருக்கிறாவோ எண்டு கேட்கத்தான் வந்தனான்."

"எழுதியிருக்காங்க. அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டோம்" என்றா. பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "உங்க குரலை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு."

"எங்கட பக்கம் எல்லாருக்கும் இந்தக் குரல்தான்" என்றேன். சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அங்கே பாருங்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். படலையடியில் காவல்காரனோடு கதைத்துக்கொண்டு நிற்கிறாளே நீலச் சட்டை, அதுதான். அந்தச் சட்டையை மினுக்கவும் இல்லை, ஒரே சுருக்கம். தலையும் கலைந்திருக்கிறது, போய் ஒதுக்கிவிட வேண்டும் போல கை உன்னுகிறது. பரவாயில்லை, முகம் தேவையில்லை என்றார்களே. கதைக்கிற கையைப் பாருங்கள், அந்தத் தம்பி இப்போது அவளுக்குக் கதவைத் திறந்துவிடுவார்.

இந்தப் பக்கத்தால் வெளியே போக வேறு வாசல் இருக்கிறதா? தேத்தண்ணி கொண்டுவந்த பிள்ளை அந்த நடையால்தான் வந்தது. அதால் போகிறேன். ஒளிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் ஒருவருக்கும் ஒளிக்கிற ஆள் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது.

அவள் இந்தக் கதிரையில்தான் வந்து இருப்பாள். நீங்கள் இரண்டு பேரும் கதையுங்கள். வேலை யாருக்குக் கிடைக்குமோ, அது உங்கள் இரண்டு பேருடைய பாடு, நான் இனி வாய் திறக்கமாட்டேன். யாராவது உங்களிடம் கேட்டால், தேனுகா தனியே வந்தாள் என்று சொல்லுங்கள். நீங்கள் கண்டதும் அதுதானே.